காலையில் மிஸ்ஸிங், மேட்டில் புல்லிங் இல்லை: டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கார்பன் பிடித்த இன்டேக் வால்வு

டேங்கில் ஊற்றுகிற கிளீனர் பாட்டிலால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினின் இன்டேக் வால்வு சுத்தமாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களில் பலர் இரண்டு மூன்று பாட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பாட்டில் மேல் குற்றம் இல்லை. அதிலிருக்கும் மருந்து இன்ஜெக்டர் நுனியைக் கழுவும், எரி அறையையும் ஓரளவு கழுவும். ஆனால் வால்வின் முதுகுக்கு, அதாவது காற்று வரும் பக்கத்துக்கு, அது போய்ச் சேர வழியே கிடையாது.

பழைய போர்ட் இன்ஜெக்‌ஷனில் இன்ஜெக்டர் இன்டேக் பாதையில் உட்கார்ந்துகொண்டு, வால்வின் முதுகில் பெட்ரோலைப் பீய்ச்சும். பெட்ரோலில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் வால்வை ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. வால்வைத் தாண்டி வருவது காற்று மட்டும்தான். அந்தக் காற்றோடு ஒட்டிக்கொண்டு பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் வால்வு) வழியாகக் கிராங்க்கேஸ் ஆயில் ஆவி வரும், எரிந்த வாயுவும் கொஞ்சம் வரும். வால்வுத் தண்டின் சீல் வழியாகவும் ஆயில் கசியும். சூடான வால்வின் முதுகில் இது ஒட்டி, கருகி, அதன்மேல் அடுத்த படலம் ஒட்டும். கழுவ ஆள் இல்லாத வீட்டில் அடுப்புக் கரி ஏறுகிற மாதிரிதான்.

மிட்சுபிஷி 1996-இல் ஜிடிஐ இன்ஜினைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதற்கடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆடியின் எஃப்எஸ்ஐ, பிஎம்டபிள்யூவின் என்54, மினியின் என்14 போன்ற இன்ஜின்களில் இந்தப் பேச்சு பெரிதாகக் கேட்டது. பிறகு சில தயாரிப்பாளர்கள் ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வைத்தார்கள்: ஒன்று உள்ளே, இன்னொன்று பழையபடி போர்ட்டில். டொயோட்டாவின் டி-4எஸ் அப்படித்தான். ஃபோர்டின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட்டும் 2017 மாடலில் அந்த வழிக்கு வந்தது.

ஆகவே முதல் வேலை, உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்வது. பெயர்ப்பலகையை நம்பாதீர்கள், பானட்டைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் மேல், கேம்ஷாஃப்ட்டால் ஓடுகிற கையடக்கமான ஒரு பம்ப் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து விறைப்பான எஃகுக் குழாய் ஒன்று, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பிரித்துத் தரும் எரிபொருள் ரெயிலுக்கு இறங்கும். இது இருந்தால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். அதோடு மேனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) மேல் இரண்டாவது ரெயிலும் இன்ஜெக்டர்களும் இருந்தால் இரட்டை முறை. அந்த வண்டியில் கார்பனைச் சந்தேகப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.

காலை முதல் ஸ்டார்ட்டில் மிஸ்ஸிங், ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது

கார்பனுக்கே உரிய அறிகுறி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இரவு முழுக்க நின்ற வண்டி சாவி போட்டதும் பிடித்துக்கொள்ளும். ஆனால் முதல் அரை நிமிடம் ஒரு சிலிண்டர் செத்த மாதிரி உதறும், சைலன்ஸரில் சத்தம் விட்டு விட்டு வரும். சூடு ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அன்று முழுக்க எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் வராது. மறுநாள் காலை மறுபடியும் வரும்.

ஏன் காலையில் மட்டும்? குளிர்ந்த நிலையில் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஒரு அவசரம் இருக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க வேண்டும். அதற்காக ஐடிலை (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும் வேகத்தை) தூக்கி வைத்து, ஸ்பார்க்கை வேண்டுமென்றே தாமதமாகக் கொடுக்கிறது. எரிதல் அப்போது கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. உள்ளே வரும் காற்று சரியாகச் சுழன்று வந்தால்தான் கலவை ஸ்பார்க்குக்கு அருகே ஒழுங்காக நிற்கும். வால்வுக் கழுத்தில் கட்டிகட்டியாகக் கரி இருந்தால் காற்று கோணலாக நுழையும், சில சுற்றுகள் எரியாமல் போகும். சூடானபின் ஸ்பார்க் வழக்கமான நேரத்துக்குத் திரும்பிவிடும். அதே கரி இருந்தாலும் இன்ஜின் சமாளித்துக்கொள்ளும்.

ஆனால் இதே அறிகுறியை வேறு மூன்று நான்கு கோளாறுகளும் காட்டும். மேனிஃபோல்டைக் கழற்றும் முன் அவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டும்.

முதலில் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். அளவு இறங்கிக்கொண்டே போகிறதா? ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வருகிறதா? ஹெட் கேஸ்கெட் கசிந்தால் இரவில் கூலன்ட் ஒரு சிலிண்டருக்குள் இறங்கி, காலையில் இதே மாதிரி உதற வைக்கும். இதைக் கார்பன் என்று நினைத்து விட்டுவிட்டால் இன்ஜினே போய்விடும்.

அடுத்து ஸ்கேனர். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஃபயர். பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். கோளாறுக் குறியீட்டை (கோடு) மட்டும் படித்துவிட்டு அழித்துவிடாதீர்கள். கோடு விழுந்த நொடியில் கூலன்ட் வெப்பம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். எல்லாப் பதிவும் குளிர்ந்த இன்ஜினில், ஐடிலில் என்றால் நம் சந்தேகம் வலுக்கிறது.

பிறகு காயிலும் பிளக்கும். இங்கே ஒரு சங்கடம் உண்டு. கோளாறு காலையில் மட்டும் வருவதால் ஒரு சோதனைக்கு ஒரு இரவு காத்திருக்க வேண்டும். அதனால் ஒரே இரவில் இரண்டையும் சோதித்துவிடுவேன். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்றால், அதன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும், அதன் பிளக்கை நான்காம் சிலிண்டருக்கும் மாற்றி, அவற்றினுடையதை இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, கோளாறுக் கோடை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காலையில் மிஸ்ஃபயர் மூன்றுக்கு நகர்ந்திருந்தால் காயில், நான்குக்கு நகர்ந்திருந்தால் பிளக். இரண்டிலேயே நின்றால் இரண்டுமே குற்றவாளி இல்லை.

மிச்சம் இருப்பது ஒழுகும் இன்ஜெக்டர். இது கார்பனோடு அதிகம் குழம்புவது. பிரித்தறிய சில தடயங்கள் உண்டு. ஒழுகும் இன்ஜெக்டர் பெரும்பாலும் ஒரே சிலிண்டரில் நிலையாக மிஸ்ஸிங் கொடுக்கும். ஸ்டார்ட் ஆனதும் பெட்ரோல் வாடையோடு கறுப்புப் புகை ஒரு கொத்து வரும். சூடான வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தாலும் தொல்லை தரும். வண்டியை நிறுத்தியபின் ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் சரசரவென இறங்கும். பிளக் துளை வழியாகக் கேமரா விட்டால், மற்ற பிஸ்டன் தலைகள் கறுத்திருக்க, அந்த ஒன்று மட்டும் ஈரமாகவோ கழுவிவிட்டது போலவோ இருக்கும். கார்பன் அப்படி ஒரே இடத்தில் நிற்பது குறைவு. இன்று இரண்டு, நாளை நான்கு, அடுத்த நாள் பி0300 என்று தாவும்.

இதெல்லாம் சரியாக இருந்து, சூடானபின் ஃப்யூவல் ட்ரிம்மும் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஒழுங்காக இருந்து, காலை மிஸ்ஸிங் மட்டும் தாவிக்கொண்டே இருந்தால், வால்வைப் பார்க்க நேரம் வந்துவிட்டது. பார்க்கத்தான், சுத்தம் செய்ய இன்னும் இல்லை.

சூடான பிறகும் ஐடில் ஆடுகிறது

இங்கே கார்பனைக் கடைசியில் வையுங்கள். முதலில் த்ராட்டில் பாடி, உள்ளே போகும் காற்றின் அளவை ஒரு தட்டால் கட்டுப்படுத்துவது. தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பசை வளையம் கட்டியிருந்தால் ஐடில் காற்று தடுமாறும். துணியும் த்ராட்டில் கிளீனரும் போதும். பிறகு ஐடில் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்கு ஐடில் அளவைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சுத்தம் செய்தபின் இன்னும் மோசமாக ஓடுவது போலத் தெரியும்.

அடுத்து ஏர் லீக். ஃப்யூவல் ட்ரிம் ஐடிலில் பிளஸ் பக்கம் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கினால் எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. ஹோஸ், கேஸ்கெட் எல்லாவற்றையும் கை வைத்துத் தேடுவதைவிடப் புகை மெஷின் போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிசிவி வால்வின் ரப்பர் டயஃப்ரம் கிழிவதும் இதே ஆட்டத்தைத் தரும். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான உறிஞ்சல் இருப்பது இயல்பு. மூடியைத் தூக்கவே முடியாதபடி பிடித்து இழுத்தாலோ, விசில் சத்தம் வந்து மூடியைத் தளர்த்தியதும் நின்றுபோனாலோ, டயஃப்ரம் போய்விட்டது. இது வெறும் ஐடில் பிரச்சினை அல்ல. கிழிந்த பிசிவி மேனிஃபோல்டுக்குள் ஆயிலை வாரி இறைக்கும். இன்று டயஃப்ரம், நாளை கார்பன்.

மேட்டில் புல்லிங் இல்லை, மேல் ஆர்பிஎம்மில் மூச்சு வாங்குகிறது

கரி சேர்ந்த வால்வு ஐடிலுக்குத் தேவையான காற்றை விட்டுவிடும். 5000 ஆர்பிஎம்முக்குத் தேவையானதை விடாது. ஆனால் இந்த இழப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. வேறு யாராவது ஓட்டிப் பார்த்துவிட்டு "என்ன, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்றால்தான் தெரியும். டர்போ வண்டியில் இன்னும் கஷ்டம். காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் டர்போவைக் கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்கிச் சரிக்கட்டிவிடும். குறை வெளியே தெரிய நாளாகும்.

நேற்று வரை நன்றாக ஓடி இன்று திடீரென்று புல்லிங் போனால் அது கார்பன் இல்லை. இன்டர்கூலர் ஹோஸ் கழன்றிருக்கும், அல்லது உயர் அழுத்த பம்ப் தளர்ந்திருக்கும். மேட்டில் ஏறும்போது ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைக் கவனியுங்கள். கேட்கிற அழுத்தத்துக்கும் கிடைக்கிற அழுத்தத்துக்கும் இடைவெளி விழுந்தால், அல்லது பி0087 வந்தால், பிரச்சினை எரிபொருள் பக்கம். ஏர் ஃபில்டரையும், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மறக்க வேண்டாம்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நாக்கிங்

இதற்கு இன்டேக் வால்வைக் குறை சொல்வதில் பெரிய பலன் இல்லை. பிஸ்டன் தலையிலும் எரி அறையிலும் சேர்ந்த கரி இதற்கு நெருங்கிய காரணம். சிறிய டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியரில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதைக் குறைக்கத்தான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயில் தரங்கள் வந்தன. டேங்கில் ஊற்றும் கிளீனருக்கு வேலை இருக்கும் இடம் இதுதான்: பாலிஈதரமைன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மைலேஜ் குறைந்தது

இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம். டயர் காற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

செக் லைட் மின்னிக்கொண்டே இருக்கிறது

நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளிருக்கும் பீங்கான் உருகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். காரணம் கார்பனா காயிலா என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு.

கண்ணால் பார்ப்பது

ஒருமுறை ஒருவர் வந்து வால்வுக் கார்பனை எடுத்துத் தரச் சொன்னார். அறிகுறி எல்லாம் அச்சாகப் பொருந்தியது. எங்கேயோ படித்துவிட்டு முடிவெடுத்தே வந்திருந்தார். நானும் ஏறக்குறைய மேனிஃபோல்டில் கை வைத்துவிட்டேன். கடைசி நேரத்தில் கேமரா விட்டுப் பார்த்தால் வால்வுகளில் மெல்லிய பழுப்புப் படலம் மட்டும். கோளாறு ஒரு காயிலின் ரப்பர் உறையில் இருந்த மயிரிழை விரிசல். காலை ஈரத்தில் ஸ்பார்க் அதன் வழியாக ஹெட்டுக்குத் தாவியிருக்கிறது. அன்றிலிருந்து வால்வைப் பார்க்காமல் நான் யாருக்கும் தேதி சொல்வதில்லை.

பார்ப்பதற்குப் பிளக் துளை உதவாது. அங்கிருந்து தெரிவது வால்வின் முகம், எரி அறைப் பக்கம். அது எரிதலின் சூட்டில் வேறு மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது முதுகு. மேனிஃபோல்டில் இருக்கும் பிரஷர் சென்சாரைக் கழற்றினால் கிடைக்கும் துளை வழியாகவோ, த்ராட்டில் பாடியைக் கழற்றிவிட்டோ நுனி வளைகிற மெல்லிய கேமராவை உள்ளே அனுப்பலாம். சில மேனிஃபோல்டில் வளைவு அதிகம், ஒரு போர்ட் மட்டும்தான் தெரியும். அதுவே போதும்.

நல்ல வால்வில் தண்டும், தண்டு தட்டாக விரியும் வளைவும் தெளிவாகத் தெரியும். உலோகச் சாம்பல் நிறத்தின் மேல் பழுப்பு அல்லது கறுப்புப் படலம் இருந்தால் அதைக் கார்பன் என்று பயப்பட வேண்டாம். எல்லா டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினிலும் அப்படித்தான். மோசமான வால்வு மரப்பட்டை மாதிரி வெடித்துக் கிடக்கும். தண்டு, மெழுகு வழிந்த மெழுகுவர்த்தி போல அடியில் பருத்திருக்கும். வளைவே காணாது, கரி அதை நிரப்பித் தட்டையாக்கியிருக்கும். 2, 3 மில்லிமீட்டர் தடிமன் வந்துவிட்டால் எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ஈரமா, காய்ந்ததா? எல்லா வால்வும் ஆயில் பளபளப்போடு ஈரமாக இருந்தால் பிசிவி அல்லது டர்போ சீல் பக்கம் பாருங்கள். ஒரு வால்வு மட்டும் ஈரம், மற்றவை காய்ந்திருக்கின்றன என்றால் அந்த வால்வின் தண்டு சீல் போயிருக்கிறது. இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் கரியை மட்டும் எடுத்தால் சீக்கிரமே திரும்பி வரும்.

எடுப்பது எப்படி

படலம் மெலிதாக இருந்தால் இன்டேக் ஸ்ப்ரே போதும். இன்ஜின் சூடாக, 2000 ஆர்பிஎம் அளவில் ஓடும்போது த்ராட்டிலை ஒட்டி, விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சாருக்கு முன்னால் அடித்தால் சென்சார் போய்விடும். மொத்தமாக அடித்தால் திரவம் சிலிண்டரில் தேங்கும். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முடித்தபின் ஒரு மணி நேரம் ஊற விட்டு, பிறகு நன்றாக ஓட்ட வேண்டும். ஆனால் மரப்பட்டைக் கரி மேல் ஸ்ப்ரே அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேல் படலம் மட்டும் இளகும். டர்போ வண்டியில், பெயர்ந்த கட்டி வெளியேறும் வழியில் டர்பைன் இறகு இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் இந்த ஸ்ப்ரேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

ஹைவேயில் விரட்டி ஓட்டினால் எல்லாம் எரிந்து போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எரி அறைக்கு அது கொஞ்சம் பொருந்தும். இன்டேக் வால்வின் முதுகில் நெருப்பு எரிவதில்லை.

கட்டிக் கரிக்கு இருக்கும் வழி இரண்டு: மருந்தில் ஊறவைத்துச் சுரண்டுவது, அல்லது வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது. இரண்டுக்கும் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும்.

கழற்றும் முன் இரண்டு எச்சரிக்கை. ரெயிலில் அழுத்தம் ஐடிலிலேயே பல பத்து பார் இருக்கும், லோடில் 150, 200, புதிய இன்ஜின்களில் 350 பார் வரை போகும். சூடான இன்ஜினில் எரிபொருள் குழாயின் நட்டைத் தளர்த்துவது தற்கொலை. பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து, பேட்டரியைக் கழற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியைச் சுற்றித்தான் திறக்க வேண்டும். அடுத்தது, திறந்த போர்ட்டுகளை உடனே அடைத்துவிடுங்கள். ஒருமுறை ஒரு வாஷர் காணாமல் போய், உள்ளே விழுந்ததா என்று இரண்டு மணி நேரம் கேமராவும் காந்தமுமாகத் தேடினேன். கடைசியில் அது என் சட்டைக் கை மடிப்பில் இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம்: வேலை செய்கிற சிலிண்டரின் இன்டேக் வால்வு முழுக்க மூடியிருக்க வேண்டும். கொஞ்சம் திறந்திருந்தாலும் தூளும் கரியும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கிராங்க் புல்லி போல்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையில் மட்டும், கையால் திருப்புங்கள். 1-3-4-2 என்று எரிகிற நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டே நிலைகள் போதும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிற்கும்போது 1, 2 ஆகிய இரண்டின் இன்டேக் வால்வும் மூடியிருக்கும். நான்காவது அப்போது ஓவர்லேப்பில் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சற்றுத் திறந்த நிலை) இருக்கும், மூன்றாவது இன்னும் மூடி முடித்திருக்காது. ஒரு முழுச் சுற்று திருப்பினால் 3, 4 மூடியிருக்கும். கணக்கை நம்பி விட்டுவிடாமல் போர்ட்டில் கொஞ்சம் கிளீனர் ஊற்றிப் பாருங்கள். நின்றால் மூடியிருக்கிறது. வேகமாக இறங்கினால் திறந்திருக்கிறது, அல்லது சீட்டில் கரி சிக்கியிருக்கிறது.

மருந்து முறையில், மூடிய போர்ட்டில் வால்வு மூழ்கும் அளவு கிளீனரை ஊற்றி அரை மணி நேரமாவது விட வேண்டும். கரி தடிமனாக இருந்தால் இரவு முழுக்க. பிறகு நைலான் பிரஷ், வளைந்த கம்பி, வேக்யூம், மறுபடி மருந்து. மலிவான வழி, ஆனால் நாள் முழுக்க இழுக்கும். தண்டுக்குப் பின்னால் இருக்கும் மூலையில் கை போகாது. அங்கேதான் கரி பிடிவாதமாக நிற்கும். முடிந்ததும் பிளக்குகளைக் கழற்றி, துளைகளின் மேல் துணி போட்டு, கிராங்க் செய்து உள்ளே இறங்கிய திரவத்தை வெளியேற்ற வேண்டும். ரிங் வழியாக மருந்து ஆயிலில் கலந்திருக்கும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

வால்நட் முறைதான் என் விருப்பம். ஏன் வால்நட் ஓடு? கரியைப் பெயர்க்கிற அளவு கடினம், வால்வையும் அலுமினிய ஹெட்டையும் கீறாத அளவு மென்மை. துகள் ஒன்றிரண்டு உள்ளே தங்கினாலும் எரிந்து போகும். மணலோ கண்ணாடி மணியோ அலுமினியம் ஆக்ஸைடோ போட்டால் ஒரு துகள் தங்கினாலும் சிலிண்டர் சுவரைக் கோடு போட்டுவிடும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

போர்ட்டின் வடிவத்துக்குப் பொருந்தும் அடாப்டரை வைத்து, அதன் ஒரு துளையில் வேக்யூம் குழாய், இன்னொன்றில் நாசில். அழுத்தம் 6 பார் அளவில் ஆரம்பிக்கலாம், 8-ஐத் தாண்டத் தேவையில்லை. சில விநாடி அடித்து நிறுத்தி, நாசிலைச் சற்றுத் திருப்பி, மறுபடி. கல் மழை பெய்கிற சத்தம் கேட்கும். கரி பெயரப் பெயர அந்தச் சத்தம் மாறும்: முதலில் மொத்தையாக, பிறகு உலோகத்தில் பட்டுக் கணீரென்று. ஐந்து நிமிடம் கழித்து டார்ச் அடித்தால் கறுப்பின் நடுவே வெள்ளிக் கோடாகத் தண்டு தெரிய ஆரம்பிக்கும். ஒரு போர்ட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கம்ப்ரஷர் காற்றில் ஈரம் இருந்தால் தூள் கட்டிப்பட்டு நாசில் அடைத்துக்கொள்ளும், வாட்டர் செப்பரேட்டர் அவசியம். மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்கள். வால்நட் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தத் தூசிப் பக்கமே வர வேண்டாம்.

அடித்து முடித்ததும் போர்ட்டை வேக்யூமால் இழுத்து, காற்றால் ஊதி, மறுபடி வேக்யூம். அதன்பிறகுதான் கிராங்க்கைத் திருப்பி அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். திரும்பப் பூட்டும்போது மேனிஃபோல்டு கேஸ்கெட் புதிது. சில இன்ஜின்களில் மேனிஃபோல்டோடு இன்ஜெக்டரும் வெளியே வந்துவிடும். அப்படி வந்தால் அவற்றின் டெஃப்லான் சீலும் புதிது. போல்டுகளுக்குச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்.

சுத்தம் செய்தபின் வரும் கோளாறுகள்

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகையும் கருகல் வாடையும் வரும், சில நிமிடத்தில் நிற்க வேண்டும். ஐடில் ஏறி இறங்கினால் அடாப்டேஷனை (கம்ப்யூட்டர் கற்றுவைத்த பழைய அளவுகளை) ரீசெட் செய்தீர்களா என்று பாருங்கள். செய்தும் ஆடினால் கழற்றிய ஹோஸ் ஒன்று பூட்டப்படாமல் இருக்கும், அல்லது கேஸ்கெட் மடிந்திருக்கும். ட்ரிம்மே சொல்லிவிடும்.

மேனிஃபோல்டுக்குள் இருக்கும் ஃப்ளாப்புகளுக்கான கோடு வந்தால் அதன் கனெக்டரை முதலில் பாருங்கள், பின்பக்கம் ஒளிந்திருப்பதால் மறந்துபோவது வழக்கம். ஒரே சிலிண்டரில் புதிதாக, நிலையாக மிஸ்ஸிங் வந்தால் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கரித் துணுக்கு சிக்கியிருக்கலாம். பெரும்பாலும் கொஞ்சம் ஓடியதும் அது தட்டுப்பட்டுப் போய்விடும். போகாவிட்டால் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவைப் பார்ப்பது) போட்டு இன்டேக் பக்கம் காற்று சீறுகிறதா என்று கேட்க வேண்டும்.

காலை மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறதா? அப்படியானால் கார்பன் இருந்தது உண்மை, ஆனால் காரணம் அது இல்லை. இன்ஜெக்டருக்குத் திரும்புங்கள்.

மறுபடி சேர எவ்வளவு நாள் ஆகும் என்பது ஓட்டும் விதத்தையும் ஆயிலையும் பொறுத்தது. இன்ஜின் சூடாகும் முன்பே அணைக்கப்படுகிற குட்டிக் குட்டிப் பயணங்கள்தான் மோசம். ஆயில் வாங்கும்போது நோவாக் அளவைப் பாருங்கள், சூட்டில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பதுதான் அது. ஏபிஐ எஸ்பி-யோடு வரும் ஐஎல்சாக் ஜிஎஃப்-6 தரம் அதிகபட்சம் 15 சதவீதம் அனுமதிக்கிறது, ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ (ACEA) சி3 13 சதவீதம். உங்கள் இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொன்ன தரத்துக்குள், இதில் குறைவானதை எடுங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். கேட்ச் கேன் பொருத்துவது ஆவியில் ஒரு பகுதியைப் பிடிக்கும். ஆனால் அதை ஒழுங்காகக் காலி செய்ய வேண்டும், வாரண்டி உள்ள வண்டியில் பொருத்தும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பூட்டும் முன் சுத்தமான வால்வுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, கிலோமீட்டரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 20,000 கிலோமீட்டர் கழித்து பிரஷர் சென்சார் துளை வழியாக ஒருமுறை கேமரா விட்டு, அந்தப் படங்களோடு வைத்துப் பார்த்தால், உங்கள் இன்ஜினில் கரி ஏறும் வேகம் தெரிந்துவிடும்.